எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டுவதா, தைக்கத் தைக்க வெட்டுவதா?

அண்ணன் மகள் முதல் முறையாக ஒரு குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கப்போகிறாள். ஈரோட்டுச் சந்தையில் காட்டன் துணி வாங்கிவந்து, துவைத்து மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அத்தை, எல்லாத்தையும் வெட்டி வெச்சுட்டுத் தைக்க உக்காரட்டுமா, இல்ல ஒவ்வொரு பிளாக்கா வெட்டி வெட்டித் தைக்கட்டுமா?" அரை மணி நேரம் பேசினோம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு யோசனையில் நிற்கிற வேறு யாருக்காவது இது உதவட்டும்.

பிளவுஸ் தைக்கிற டெய்லருக்கு இந்தக் கேள்வியே வராது. முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி என்று சில பீஸ்கள்தான். ஒரே மூச்சில் வெட்டிவிடுவார். ஒட்டுத்துணிப் போர்வையில் பீஸ்கள் நூற்றுக்கணக்கில் வரும். அதோடு, அடுத்த பீஸ் என்ன அளவில் இருக்கவேண்டும் என்பது, ஏற்கெனவே தைத்தது என்ன அளவில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேள்வியின் வேர் இதுதான்.

அவளுடைய போர்வையையே எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கட்டிலுக்கு ஏற்றது. குறுக்கே 5 கட்டம், நெடுக்கே 7 கட்டம், மொத்தம் 35. பிளாக் என்பது இந்தக் கட்டத்தைத்தான். அதில் 18 கட்டங்கள் ஒன்பது சதுரம் சேர்ந்த 'நைன் பேட்ச்', அடர் நீலமும் வெள்ளையும் மாறி மாறி. மற்ற 17 கட்டங்கள் பூப்போட்ட துணியில் ஒரே சதுரம். தைத்த பின் ஒவ்வொரு கட்டமும் 9 அங்குலம். சுற்றிலும் அதே பூத்துணியில் 6 அங்குல பார்டர். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல டிசைன் இல்லை.

முதலில், எந்த வழியில் போனாலும் மாறாத ஒன்று: துவைக்காமல் கத்தரி வைக்கக்கூடாது. காட்டன் முதல் தண்ணீரில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 42 அங்குலத்தில் அது ஒன்றரை அங்குலத்துக்கு மேலேயே போகலாம். ஒரு துணி சுருங்கி இன்னொன்று சுருங்காமல் நின்றால் போர்வை அங்கங்கே இழுத்துக்கொள்ளும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். வெட்டின சின்னப் பீஸைத் துவைக்கவும் முடியாது, விளிம்பெல்லாம் பிசிறாகி அளவே போய்விடும். துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு, அயர்ன் செய்த துணியை வெட்டினால் கத்தி வழுக்காது. ஆனால் கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், பூச்சி தேடி வரும். ஆக, எல்லாவற்றையும் வெட்டி வைத்து ஆறு மாதம் கழித்துத் தைப்பேன் என்கிறவர்கள் கஞ்சியைத் தவிர்ப்பது நல்லது.

சரி, இனி இரண்டு வழிகள்.

எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டுகிற வழிக்கு நியாயம் நிறைய இருக்கிறது. நம் வீடுகளில் வெட்டுவதற்கென்று தனி மேசை இருப்பதில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கட்டிங் மேட்டை விரித்து, ஸ்கேலும் ரோட்டரி கட்டரும் எடுத்து வைப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த வட்டக் கத்தி வெளியே இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதாக வெட்டிவிட்டால், மற்ற நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் கிடைக்கிற இருபது நிமிடத்திலும் மெஷினில் உட்கார்ந்து தைக்கலாம். நூலை அறுக்காமல் ஒரு ஜோடிக்குப் பின்னால் இன்னொரு ஜோடியாகத் தொடர்ந்து ஓட்டுவதற்கும் பீஸ்கள் அடுக்காகத் தயாராக இருக்கவேண்டும்.

அப்புறம், துணி போதுமா போதாதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சந்தைத் துணிக்கு இது மிக முக்கியம். இந்த வாரம் பார்த்த பூ அடுத்த வாரம் வராது. வந்தாலும் அதே சாயத்தில் வராது. பாதிப் போர்வை தைத்த பிறகு அரை மீட்டர் குறைகிறது என்று தெரிந்தால் வருத்தப்படத்தான் முடியும்.

ஒரே ஸ்கேலில் எல்லாம் வெட்டப்படுவதும் ஒரு லாபம். இரண்டு வேறு ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், கோடுகள் சில நேரம் மயிரிழை விலகும். அந்த மயிரிழை நூறு பீஸில் நன்றாகத் தெரியும்.

இப்படி ஒரே நாளில் வெட்டுவது சாத்தியமானதே சமீபத்தில்தான். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அட்டையில் அச்சு வெட்டி, துணியில் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். இப்போது நான்கு அடுக்கு வைத்து ஒரே இழுப்பில் வெட்டலாம். நான்குக்கு மேல் வேண்டாம், அடியில் இருக்கிற துணி நகர்ந்துவிடும்.

இவ்வளவு நல்லது இருந்தும் நான் அவளிடம் "எல்லாத்தையும் வெட்டிடாத கண்ணு" என்றுதான் சொன்னேன். காரணம் தையலில் இருக்கிறது.

குவில்ட்டில் தையலுக்கு விடுகிற இடம் கால் அங்குலம். புதிதாகத் தைக்கிறவர்கள் கை பெரும்பாலும் இழையளவு கூடுதலாகவே பிடிக்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், கூடுதலாகப் பிடிக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் தையலின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம் போய்விடும். நைன் பேட்ச்சில் குறுக்கே இரண்டு தையல், ஆக கால் அங்குலம் காலி. ஓரத் தையலுக்கு விட்ட இடத்தோடு 9½ அங்குலத்தில் வரவேண்டிய பிளாக் 9¼-இல் நிற்கும். எல்லாப் பிளாக்கும் ஒரே மாதிரி 9¼ என்றால் அது தவறே இல்லை, போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். தொந்தரவு எங்கே என்றால், முன்கூட்டியே 9½ அங்குலத்துக்கு வெட்டி வைத்த 17 பூச்சதுரங்கள். அவை இந்தப் பிளாக்கோடு சேராது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் உப்பும். திருப்பி வெட்டினால் இரண்டு வேலை.

பார்டரில் இது இன்னும் பெரிதாகும். அதே கையால் முழுதும் தைத்தால், நெடுக்கே 63½ அங்குலம் வரவேண்டிய நடுப்பகுதி 61 அங்குலம்தான் வரும். கணக்குப்படி முதலிலேயே 63½-க்கு வெட்டி வைத்த பார்டரை அதில் எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேரும், ஆனால் இரண்டரை அங்குலம் அதிகத் துணி அலை அலையாகக் கிடக்கும். போர்வையைத் தரையில் விரித்தால் ஓரம் மட்டும் படுக்காமல் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தவற்றில் அநேகமும் இந்தக் காரணத்தால்தான்.

எனக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் அச்சடித்த பேட்டர்ன் ஒன்றை விலைக்கு வாங்கி, அதில் போட்டிருந்த வெட்டுப் பட்டியலை அப்படியே நம்பி 96 சதுரங்களை ஒரே மாலையில் வெட்டி முடித்தேன். மறுநாள் முதல் பிளாக் தைத்தபோது ஒரு மூலை மட்டும் எட்டவே இல்லை. படத்தோடு வைத்துக் கணக்குப் போட்டால், பட்டியலில் அந்தச் சதுரம் அரை அங்குலம் குறைவாக அச்சாகியிருந்தது. துணி மீதமில்லை, அதே துணி கடையிலும் இல்லை. பெரிதாக வெட்டியதைச் சின்னதாக்கலாம், சின்னதாக வெட்டியதை என்ன செய்ய? கடைசியில் போர்வை முழுவதையும் அந்தச் சின்ன அளவுக்குத் திரும்பக் கணக்கிட்டுத் தைத்தேன். மூன்று வாரம் கூடுதலாகப் பிடித்தது. ஒரே ஒரு பிளாக் முதலில் தைத்துப் பார்த்திருந்தால் நான்கு சதுரத்தோடு போயிருக்கும்.

தைக்கத் தைக்க வெட்டுகிற வழிக்கு வருகிறேன். இதைச் சோம்பேறி வழி என்றோ திட்டமில்லாத வழி என்றோ யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளிலிருந்து 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். விளிம்பிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். அடுத்த இடத்துக்கு எந்தத் துண்டு, எவ்வளவு என்பது அந்த இடம் வரும்போது முடிவாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்களும் அப்படித்தான், வயலில் உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கிழித்துக் கையோடு கையாகத் தைத்தார்கள். அந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் ஏறின. துணி எவ்வளவு இருக்கிறதோ அதிலிருந்துதான் டிசைன் பிறக்கும் என்கிற இடத்தில் முன்கூட்டியே வெட்ட என்ன இருக்கிறது?

அம்மாவின் புடவைகளில் போர்வை தைத்தபோது எனக்கும் இந்த வழிதான் கைகொடுத்தது. ஆறு காட்டன் புடவைகள், அதில் ஒன்று மதுரைச் சுங்குடி. வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னலில் வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். முந்தானைப் பக்கம் நெசவு இறுக்கமாக, வெளிச்சத்தை விடாமல் இருந்தது. கொசுவம் வருகிற இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து, வெளிச்சம் சல்லடையில் இறங்குவதுபோல இறங்கியது. கீழ்க்கரையில் குதிகால் பட்டுப் பட்டு ஒரு ஜாண் நீளத்துக்கு நூல் நூலாக நின்றது. சுங்குடியில் ஒரு வெள்ளைப் புள்ளியின் மையம் ஓட்டையாகவே இருந்தது. இந்தத் துணியை ஸ்கேல் வைத்து வரிசையாக வெட்டியிருந்தால் நல்ல இடமும் நைந்த இடமும் ஒரே கணக்கில் போயிருக்கும். அன்றன்றைக்குத் தைக்கப்போகிற பிளாக்குக்கு மட்டும் இடம் பார்த்து வெட்டினேன். மெல்லிசாக இருந்த துண்டுகளுக்கு அடியில் மல் துணி கொடுத்துத் தைத்தேன். ஐந்து மாதம் ஆனது. அம்மாவின் புடவை என்பதால், வெட்டாத மீதி முழுசாக மடித்துப் பீரோவில் இருந்ததே மனதுக்கு நிம்மதியாக இருந்தது. திரும்ப வாங்க முடியாத துணி எதுவானாலும் இப்படியே செய்யச் சொல்வேன்.

கைத்தறித் துணிக்கும் இதே யோசனைதான். நெசவு தளர்வாக இருப்பதால் வெட்டிய நாலு நாளில், கையில் எடுத்து எடுத்து வைத்ததிலேயே, விளிம்பு பிசிறி கால் அங்குலத்தில் பாதி போய்விடும். பாப்ளின் போன்ற இறுக்கமான மில் துணி ஒரு மாதம் தாங்கும். பல நிறத் துண்டுகளைக் கலந்து தைக்கிறவர்களும் எல்லாவற்றையும் வெட்டிவிடவேண்டாம். பழைய கம்பளியைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் துணித் துண்டு பின் இல்லாமலே அதில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பிளாக்கை அதில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால்தான் பச்சை அதிகமா, மஞ்சள் போதாதா என்று தெரியும்.

இந்த வழியின் குறை நேரம்தான். ஒவ்வொரு பிளாக்குக்கும் மேட்டை விரித்துச் சுருட்டி, மெஷினுக்கும் மேசைக்கும் நடந்து, பாதியில் சலித்துப்போய் மூட்டை கட்டி வைத்த போர்வைகள் பல வீட்டுப் பரணில் இருக்கும். நீல வெள்ளைப் போர்வை மாதிரி ஒரே பிளாக் திரும்பத் திரும்ப வருகிற வேலைக்கு அந்த நடை முழுக்க வீண்.

ஆகவே அவளுக்குச் சொன்னது மூன்றாவது வழி: அளவு இன்றைக்கே உறுதியாக இருப்பதை இன்றைக்கு வெட்டு, தைத்ததை அளந்தால்தான் தெரியும் என்பதைப் பிறகு வெட்டு. முதல் வேலை, ஒரே ஒரு நைன் பேட்ச்சுக்கு வேண்டிய ஒன்பது துண்டை மட்டும் 3½ அங்குலத்தில் வெட்டித் தைத்து, அயர்ன் செய்து, அளந்து பார்ப்பது. கையும் மெஷினும் எவ்வளவு பிடிக்கின்றன என்று அந்த ஒரு பிளாக் சொல்லிவிடும்.

அது சரியாக வந்தால் நீலத்தையும் வெள்ளையையும் ஒரே நாளில் வெட்டிவிடலாம். அங்கேயும் சதுரமாக வெட்டவேண்டாம். 18 பிளாக்குக்கு 162 சதுரம் வேண்டும். அதற்குப் பதில் 3½ அங்குல அகலப் பட்டைகளாக நீலம் 10, வெள்ளை 8 வெட்டினால் போதும். நீலம், வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள் சேர்ந்த ஜோடனை நான்கு. வெள்ளை, நீலம், வெள்ளை என்று இரண்டு ஜோடனை. நெடுக்கத் தைத்து அயர்ன் செய்த பின் குறுக்கே 3½ அங்குலத்துக்கு வெட்டினால், 42 அங்குலப் பட்டையில், விளிம்பைச் சரிசெய்வதில் போவது போக, 11 வரிசை கிடைக்கும். தையல் முதலில், வெட்டு பிறகு. மூன்று நான்கு வெட்டுக்கு ஒருமுறை விளிம்பை மட்டம் பார்த்துச் சரிசெய்துகொள்ளவேண்டும், பட்டை லேசாக வில்போல வளையும்.

முக்கோணம் வருகிற டிசைன்களுக்கு இந்த வரிசை கட்டாயம் என்றே சொல்வேன். குறுக்கு மூலையாக, டெய்லர்கள் சொல்கிற 'கிராஸ்' போக்கில் வெட்டிய விளிம்பு தொட்டாலே இழுபடும். முக்கோணங்களை வெட்டி அடுக்கி வைத்தால் தைக்கும் நாளில் ஒன்றுகூட ஒன்றோடு பொருந்தாது. தைத்த பின் 3 அங்குலம் வரவேண்டிய இரட்டை முக்கோணத்துக்கு இரண்டு நிறத்திலும் 4 அங்குலச் சதுரம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அதற்குப் பிறகு கோட்டின்மேல் வெட்டவேண்டும். இரண்டு சதுரம் கிடைக்கும், கொஞ்சம் பெரிதாக. 3½-க்குச் சீராக நறுக்கிக்கொள்ளலாம்.

பூத்துணிதான் யோசிக்கவைக்கிற இடம். அதன் சதுரங்களுக்கும் அளவு தெரியாது, பார்டருக்கும் நீளம் தெரியாது. அப்படியானால் இரண்டையும் கடைசிக்குத் தள்ளலாமா? தள்ளலாம், ஆனால் வெட்டுகிற வரிசை தவறக்கூடாது. துவைத்த பின் அவளிடம் 100 அங்குல நீளம் இருந்தது. 9½ அங்குலச் சதுரங்களை முதலில் குறுக்கே வெட்டினால், ஒரு வரிசைக்கு நான்கு வீதம் ஐந்து வரிசை, 47½ அங்குலம் போய்விடும். மிச்சம் இருக்கிற 52½ அங்குலத்தில் பார்டருக்கு நீளமான பட்டை வராது, நடுவில் ஒட்டுப்போடவேண்டும். மாறாக, பார்டருக்கு 6½ அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளைக் கரையை ஒட்டி நெடுக்கே 68 அங்குலத்துக்கு முதலில் எடுத்துவிட்டால், பக்கத்தில் 16 அங்குல அகலம் மிஞ்சும். அதில் ஏழு சதுரம் வரும். மீதமுள்ள 32 அங்குலத்தில் குறுக்கே மற்ற பத்தையும் எடுத்துவிடலாம். துணி போதும், ஒட்டும் இல்லை.

ஆக பார்டரின் அகலத்தை முதலிலேயே வெட்டு, நீளத்தை விட்டுவை. நடுப்பகுதி முழுதும் தைத்து முடித்த பின், ஓரத்தில் அளக்காமல் போர்வையின் நடுவில் அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை நறுக்கிச் சேர்க்கவேண்டும். ஓரம் கைபட்டு இழுத்திருக்கும், நடு பொய் சொல்லாது.

பைண்டிங் துணியை, அதாவது கடைசியில் ஓரத்தை மூடித் தைக்கிற பட்டைக்கான துணியை, அரை மீட்டர் தனியாக எடுத்துப் பேர் எழுதி வைத்தால் போதும். 2½ அங்குலத்தில் ஏழு பட்டை அதில் வரும். பஞ்சு வைத்து மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்கும்போது போர்வை கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், எனவே அது முடிந்து ஓரம் நறுக்கிய பிறகே வெட்டவேண்டும். அடித்துணிக்கும் அப்படியே, மேல்துணி முடிந்ததும் அளந்து நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக.

நேற்று படம் அனுப்பியிருந்தாள். பதினெட்டு நைன் பேட்ச்சும் தைத்தாகிவிட்டது. பதினாறு பிளாக் 9⅜ அங்குலத்தில் வந்திருக்கிறது, இரண்டு மட்டும் ஒரு நூல் பெரிது, அவற்றை நறுக்கிவிட்டாள். பூச்சதுரங்களை வரும் ஞாயிற்றுக்கிழமை 9⅜-க்கே வெட்டப்போகிறாள். பார்டர் பட்டைகள் நான்கும் செய்தித்தாள் குழலில் சுற்றிப் பீரோவின்மேல் இருக்கின்றன, முனை வெட்டாமல்.